அம்பாசிடர் பெட்ரோல் 1489 சிசி: டைமிங் வெச்சும் ஏத்தத்துல நாக்கிங், சூட்டுல கிக் அடிக்குது. எங்க பார்க்கணும்?

மேட்டுப்பாளையம்_மார்க்4
வணக்கம். வண்டி மார்க் 4, பெட்ரோல், எஸ்யூ கார்புரேட்டர், லூகாஸ் 25டி4 டெல்கோ (பிளக்குக்கு ஸ்பார்க் பிரிச்சுக் கொடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர்), உள்ள திறந்து மூடுற சிபி பாயிண்ட்தான், எலக்ட்ரானிக் எதுவும் இல்லை. ஹெட் வேலையும் டெல்கோ வேலையும் ஒண்ணா முடிஞ்சு வந்திருக்கு. பிரச்சினைகள்:
கல்லாறு தாண்டி குன்னூர் ஏத்தத்துல மூணாவது கியர்ல மிதிச்சா டகடகன்னு நாக்கிங். கொஞ்சம் தூரம் போனதும் டெம்பரேச்சர் முள் ஏறுது. சூடா நிறுத்திட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணா சில நேரம் ஸ்டார்ட்டர் மாட்டிக்கிட்ட மாதிரி பின்னாடி உதைக்குது.
டைமிங் காதால கேட்டு வெச்சதுன்னு சொன்னாங்க. டெல்கோவைத் திருப்பி இறக்கினா நாக்கிங் போகுது, ஆனா பிக்கப்பும் சேர்ந்து போயிடுது. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

காரைக்குடி_ஸ்பேனர்
சிம்பிள் தம்பி. டைமிங் ஏறியிருக்கு, ஸ்பார்க் வேண்டியதுக்கு முன்னாடியே வருது. டாப் கியர்ல 35, 40 கிலோமீட்டர் வேகத்துல ஃபுல்லா மிதி. லேசா ரெண்டு மூணு தட்டு தட்டி அடங்கிடணும். அடங்காம தட்டிக்கிட்டே வந்தா இறக்கு, தட்டவே இல்லேன்னா ஏத்து. டெல்கோவுல டைமிங்கைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துற வெர்னியர் நட்டு எதுக்கு வெச்சிருக்கான்? அதுக்குத்தான்.

பாயிண்ட்கேப்
ஸ்பேனர் அண்ணன் சொல்றது கடைசிச் சோதனை, முதல் வேலை இல்லை. இறக்கினால் பிக்கப் போகிறது, ஏற்றினால் தட்டுகிறது என்றால் டெல்கோ பாடியைத் திருப்பித் தீராது. எஞ்சின் வேகம் கூடக் கூட ஸ்பார்க் முன்னால் வருவதுதான் அட்வான்ஸ், அது வளர்கிற வேகமே தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் போவதற்கு முன் வரிசையாக இவற்றை முடியுங்கள். வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

முதலில் பாயிண்ட் கேப். 25டி4-க்கு 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபைபர் ஹீல் கேமின் உச்சியில் நிற்கும்போது அளக்க வேண்டும். பழைய பாயிண்டில் ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு இருக்கும். பில்லர் கேஜ் மேட்டின் மேல் உட்கார்ந்து பொய் அளவு காட்டும். புதுசு போடுங்கள், இல்லையென்றால் பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் டுவெல் மீட்டரில் பாருங்கள்: 60 டிகிரி, மூன்று கூடக் குறைய இருக்கலாம்.

கேப்பை ஏன் முதலில் வைக்கச் சொல்கிறேன் என்றால், கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் ஏறும். குறைந்தால் இறங்கும். டைமிங் வைத்துவிட்டுக் கேப்பைத் தொட்டால் டைமிங் போச்சு. ஹீல் தேயத் தேய டைமிங் தானாக இறங்குவதும் இதனால்தான். கேமில் கிரீஸ் ஒரு பூச்சு இருந்தால் தேய்மானம் மெதுவாகும். அதிகமாக அப்பினால் தெறித்துப் பாயிண்டில் ஒட்டி மிஸ்ஸிங் தரும்.

புல்லி_நாட்ச்
கேப்பை கேமோட நாலு லோப்லயும் (மேட்டுலயும்) அளக்கச் சொல்லுங்க. ஒண்ணுல 0.40, எதிர் லோப்ல 0.32 வந்தா ஷாஃப்ட் புஷ் போயிருக்கு. ரோட்டாரைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டிப் பார்த்தாலே கையில தெரியும். புஷ் ஆடுற டெல்கோல எந்த டைமிங்கும் நிக்காது. ஸ்பார்க்கோட சேர்ந்து மின்னற டைமிங் லைட்ல பார்த்தா மார்க் ஒரே இடத்துல நிக்காம துள்ளும். புது புஷ் போடறதுன்னா அதை 24 மணி நேரம் எஞ்சின் ஆயில்ல ஊறப்போட்டுதான் அடிக்கணும். துளைத்துளையான வெண்கலம், ஆயிலைக் குடிச்சு வெச்சுக்கும். காய்ஞ்சதை அப்படியே அடிச்சா சீக்கிரமே பழைய கதைதான்.

மேட்டுப்பாளையம்_மார்க்4
புது பாயிண்ட், புது கண்டன்சர் போட்டாச்சு. நாலு லோப்லயும் 0.38, 0.38, 0.37, 0.38. ஷாஃப்ட் ஆட்டம் இல்லை. இப்போ டைமிங் வைக்கணும். மார்க் எங்க இருக்குன்னே தெரியலை, மேலேருந்து பார்த்தா புல்லியில ஒண்ணும் இல்லை.

பாயிண்ட்கேப்
மார்க் கீழே இருக்கும். டைமிங் கவரின் அடிப்பகுதியில் பல் மாதிரி மூன்று முள். நீளமான முள் டாப், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். மற்ற இரண்டும் 5, 10 டிகிரி முன். புல்லியின் விளிம்பில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் தெரியும், அதில் வெள்ளை பெயிண்ட் ஒரு கோடு.

கீழே படுத்துப் பார்க்க வேண்டும் என்பதால் ஸ்டாண்ட் கொடுங்கள், வெறும் ஜாக்கை நம்பாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரல். டைமிங் லைட் வெளிச்சத்தில் ஃபேன் நின்றுகொண்டிருப்பது போலவே தெரியும். கை வைத்தால் விரல் இருக்காது.

முதல் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம் இருப்பது. நாலு பிளக்கையும் கழற்றுங்கள், முன்னால் ஹேண்டில் போட்டு முன்பக்கத்திலிருந்து பார்க்கக் கடிகார திசையில் சுற்றுங்கள். முதல் பிளக் ஓட்டையில் கட்டைவிரல் வைத்தால் காற்று தள்ளும்போது கம்ப்ரெஷன். அல்லது ராக்கர் கவரைக் கழற்றி நாலாவது சிலிண்டர் வால்வுகளைப் பாருங்கள். ஒன்று மூடிக்கொண்டே மற்றது திறக்கத் தொடங்குகிறது என்றால் முதல் சிலிண்டர் கம்ப்ரெஷன் டாப்பில் இருக்கிறது.

வெட்டை 5 டிகிரி முள்ளுக்குக் கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்து நிறுத்தக் கூடாது. கால் சுற்று பின்னால் போய்த் திரும்ப முன்னால் வாருங்கள். செயின் தொய்வு அப்போதுதான் ஒரே பக்கம் எடுபடும். உங்கள் எஞ்சினுக்கான எண் கம்ப்ரெஷனைப் பொறுத்து மாறும், கையேட்டில் பாருங்கள். 5 என்பது ஆரம்பிக்க ஒரு இடம்.

வெர்னியர் நட்டை நடுவில் வையுங்கள், இரண்டு பக்கமும் இடம் இருக்கட்டும். 12 வோல்ட் சின்ன பல்பின் ஒரு வயரை டெல்கோ பக்க டெர்மினலிலும், மற்றதை எர்த்திலும் கொடுங்கள். பழைய லூகாஸ் காயில் என்றால் அந்த டெர்மினலில் சிபி என்று இருக்கும், சாவி பக்கம் எஸ்டபிள்யூ. சாவி ஆன். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு அணையும், திறந்தால் எரியும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பாடியை இடப்பக்கமாக, கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பி பல்பை அணையுங்கள். பிறகு மெதுவாகக் கடிகார திசையில் திருப்பி, பல்பு எரியும் அந்த நொடியில் நிறுத்தி போல்ட்டை இறுக்குங்கள். வேலை முடிந்ததும் சாவியை அணையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி ஆனில் கிடந்தால் காயில் சூடேறிப் போகும்.

பத்மினி_1100
குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கவும். பத்மினிக்கும் இதே திசைதானா?

பாயிண்ட்கேப்
திசையை வண்டி பெயரால் மனப்பாடம் செய்யாதீர்கள். மூடியைக் கழற்றி ஸ்டார்ட்டரைத் தட்டி ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். பாடியை அதற்கு எதிராகத் திருப்பினால் டைமிங் ஏறும், அதோடு சேர்த்துத் திருப்பினால் இறங்கும். இது எல்லா டெல்கோவுக்கும் பொருந்தும். அம்பாசிடரில் ரோட்டார் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும், அதனால் பிளக் வயரும் அதே திசையில் 1-3-4-2.

மேட்டுப்பாளையம்_மார்க்4
பல்பு வெச்சு 6 டிகிரில நிறுத்தினேன், முள்ளுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஐடிலிங் 900-ல டைமிங் லைட் அடிச்சா 10 டிகிரி முள்ளையும் தாண்டி நிக்குது! கார்புரேட்டர்லேருந்து டெல்கோவுக்கு வர்ற வேக்கம் டியூப்பைக் கழட்டிட்டுத்தான் பார்த்தேன். பல்பு பொய்யா, லைட் பொய்யா?

புல்லி_நாட்ச்
ரெண்டும் உண்மைதான். பல்பு எஞ்சின் நிக்கும்போது அளந்தது. லைட் 900-ல அளந்தது. நடுவுல டெல்கோ உள்ள இருக்கிற சென்ட்ரிஃபியூகல் வெயிட் விரிஞ்சிடுச்சு, அது விரிஞ்சா ஸ்பார்க் முன்னாடி வரும். 900-லயே அவ்வளவு விரியக் கூடாது. ஐடிலிங்கை 600-க்கு இறக்கித் திரும்பப் பாருங்க. அப்புறம் முழு வளைவையும் அளந்தாகணும்.

முள்ளு 10 வரைக்கும்தான் இருக்கு, அதுக்கு மேல நாமளே கோடு போட்டுக்கலாம். புல்லி விட்டத்தை அளந்து 3.14-ஆல பெருக்கி 360-ஆல வகுங்க. விட்டம் 130 மி.மீ. இருந்தா சுத்தளவு 408 மி.மீ., ஒரு டிகிரிக்கு 1.13 மி.மீ. 20 டிகிரிக்கு 22.7, 30-க்கு 34, 36-க்கு 41 மி.மீ. துணி டேப்பை விளிம்புல சுத்தி, வெட்டிலேருந்து அளந்து பெயிண்ட் கோடு போடுங்க. எந்தப் பக்கம்னு கேட்பீங்க: புல்லி சுத்துற திசையில வெட்டுக்கு முன்னாடி. 30 கோடு டாப் முள்ளுக்கு நேரா நின்னா 30 டிகிரி அட்வான்ஸ்னு அர்த்தம்.

புல்லி இதே எஞ்சினோடதுதானான்னு சந்தேகம் இருந்தா டாப்பைச் சரிபாருங்க. பழைய பிளக்கோட உள்ளைத் தட்டி எடுத்துட்டு, முனை உருட்டின போல்ட் ஒண்ணை அதுல மாட்டி முதல் சிலிண்டர்ல இறுக்குங்க. கையால மெதுவா சுத்தினா பிஸ்டன் வந்து முட்டும். முள்ளுக்கு நேரா புல்லியில ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுத்தி முட்ட வெச்சு இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நட்டநடுவுலதான் உண்மையான டாப். இதுக்கு ஸ்டார்ட்டரைப் போட்டுடாதீங்க, பிஸ்டன் ஓட்டையாயிடும்.

மேட்டுப்பாளையம்_மார்க்4
டாப் வெட்டு சரியா இருக்கு. வேக்கம் டியூப் கழட்டி, கார்புரேட்டர் பக்கம் அடைச்சிட்டு எடுத்த அளவு:
600 ஆர்பிஎம் – 8
1000 – 16
1500 – 26
2000 – 34
2500 – 36
3500 – 36, அதுக்கு மேல ஏறலை.

பாயிண்ட்கேப்
நோய் இதுதான். 1500-ல் 26 டிகிரி என்பது ஏற்றத்தில், ஃபுல் மிதியில், இந்த எஞ்சினுக்கு மிக அதிகம். 2000-லேயே கிட்டத்தட்ட முழு அட்வான்ஸும் வந்துவிட்டது. நியாயமாக 3500 பக்கம்தான் வந்து சேர வேண்டும். வெயிட்டை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் வலு இல்லாதது, அல்லது மாறிப்போனது.

டெல்கோவைத் திறக்காமலே ஒரு சோதனை: ரோட்டாரை அது சுற்றும் திசையில் விரலால் திருகி விடுங்கள். சட்டென்று திரும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தாலோ, கடைசிக் கொஞ்சம் வராமல் நின்றாலோ வெயிட் பழைய இடத்துக்கு மடங்கவில்லை. சூட்டில் பின்னுதைப்பதும் இதனால்தான். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போதும் அட்வான்ஸ் மிச்சம் நிற்கிறது, பிஸ்டன் மேலே வருவதற்கு ரொம்ப முன்னால் தீ பிடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

காரைக்குடி_ஸ்பேனர்
ஸ்பிரிங்னு சொன்னதும் ஒண்ணு சொல்றேன், இதுல நிறைய பேர் ஏமாறுவாங்க. 25டி4-ல ரெண்டு ஸ்பிரிங் ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணு மெல்லிசு, எப்பவும் இழுத்த மாதிரியே நிக்கும். இன்னொண்ணு தடிமன், அதோட வளையம் நீளமா இருக்கும், சும்மா நிக்கும்போது தொளதொளன்னு ஆடும். அது பழுது இல்ல. முதல்ல மெல்லிசு மட்டும் வேலை செய்யும், கொஞ்சம் வேகம் வந்ததும் தடிமன் வந்து பிடிச்சுக்கும். தெரியாதவங்க தொளதொளப்பைப் பார்த்துட்டு ரெண்டு பக்கமும் மெல்லிசையே போட்டுடுவாங்க. அப்போ இந்த மாதிரிதான் எகிறும். சில பேர் வளையத்தை இடுக்கியால அமுக்கி டைட் பண்ணிடுவாங்க. அதுக்கு நேர் எதிர் வியாதி: அட்வான்ஸ் வராது, வண்டி இழுக்காது, சைலன்சர் சிவக்கும்.

பாயிண்ட்கேப்
அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. கழற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள். கேமின் அடித்தட்டில் ஒரு எண் அடித்திருக்கும். அது டெல்கோ டிகிரியில் அதிகபட்ச அட்வான்ஸ். டெல்கோ ஒரு சுற்று சுற்றினால் கிராங்க் இரண்டு சுற்று, அதனால் அந்த எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். உங்கள் அளவில் 6-லிருந்து 36, அதாவது 30 டிகிரி. எண் 15 என்று இருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம்_மார்க்4
திறந்தாச்சு. எண் 15-தான். ரெண்டு ஸ்பிரிங்கும் ஒரே மெல்லிசு, ஒண்ணு நீண்டும் போயிருக்கு. வெயிட் பின்னுல பழைய கிரீஸ் கெட்டிப்பட்டுக் கிடக்கு. பேஸ்பிளேட்டுக்கு அடியில போற சின்ன எர்த் வயர் துணிக்குள்ள பிஞ்சு ஒரு இழையில தொங்குது.

புல்லி_நாட்ச்
அந்த எர்த் வயரைக் கட்டாயம் மாத்துங்க. வேக்கம் இழுக்கும்போது பிளேட் நகரும், வயர் அறுந்து அறுந்து ஒட்டும். ஐடிலிங்ல நல்லா இருக்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தா மிஸ்ஸிங். இதை கார்புரேட்டர் பிரச்சினைன்னு நினைச்சு ஜெட்டைக் கழட்டி ஊதிக்கிட்டு இருப்பாங்க. மாத்தறப்போ நல்லா வளையுற பல இழை வயர்தான் போடணும். வீட்டு வயரிங் கம்பி ரெண்டாவது மாசமே முறியும்.

கிரீஸைத் துடைச்சிட்டு வெயிட் பின்னுக்கு எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு போதும். ரோட்டாருக்கு அடியில இருக்கிற ஸ்க்ரூவைக் கழட்ட வேண்டாம், அதைச் சுத்தி இடைவெளி விட்டிருக்கு, மேலேயே ரெண்டு மூணு சொட்டு விட்டா உள்ள இறங்கும். பாயிண்டைத் திரும்ப மாட்டும்போது டெர்மினல் போஸ்ட்ல இன்சுலேட்டர் வாஷர் வரிசையைக் கவனிங்க. காயில் வயரும் கண்டன்சர் வயரும் ஸ்பிரிங்கைத் தொடணும், போஸ்ட்டைத் தொடக் கூடாது. தொட்டா ஸ்பார்க்கே வராது.

பத்மினி_1100
வேக்கம் யூனிட் நல்லா இருக்கான்னு எப்படிப் பார்க்கறது? டியூப்பை மேனிஃபோல்டுல கொடுத்தா இன்னும் நல்லா இழுக்கும்னு ஒருத்தர் சொல்றார்.

பாயிண்ட்கேப்
டியூப்பை வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். பிளேட் நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். மெதுவாகத் திரும்பினால் டயாஃப்ரம் ஓட்டை. அது ஓட்டை என்றால் அளவாக மிதித்து ஓட்டும்போது மைலேஜ் குறையும், பெட்ரோல் காற்றுக் கலவையும் (மிக்ஸர்) காற்று கூடி லீன் ஆகும்.

யூனிட்டில் 5-13-10 போல மூன்று எண் அடித்திருக்கும். 5 அங்குல மெர்க்குரி வேக்கத்தில் தொடங்கும், 13-ல் முடியும், கடைசி எண் டெல்கோ டிகிரி. எஸ்யூ கார்புரேட்டரில் டியூப் த்ராட்டில் தட்டின் விளிம்பருகே இருக்கிறது, ஐடிலிங்கில் வேக்கம் கிட்டத்தட்ட வராது. மேனிஃபோல்டில் கொடுத்தால் ஐடிலிங்கிலேயே இருபது டிகிரி வரை கூடிவிடும், மிதிக்கும்போது விழும். இந்த டெல்கோ அதற்காகச் செய்ததில்லை. இருக்கிற இடத்திலேயே விடுங்கள்.

காரைக்குடி_ஸ்பேனர்
இவ்வளவு கணக்கு பார்த்தும், கடைசில ரோட்டுல ஓட்டிக் காதால கேட்டுத்தான் முடிக்கப்போறீங்க. நான் முதல்லயே சொன்னேன்.

பாயிண்ட்கேப்
முடிப்பது காதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த எஞ்சின் ஐம்பதுகளின் வடிவமைப்பு, கம்ப்ரெஷன் குறைவு. இன்றைக்கு பங்கில் வருகிற சாதா பெட்ரோல் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஆக்டேன் 91-க்கும் மேல். தட்டும் வரை ஏற்று, அப்புறம் கொஞ்சம் இறக்கு என்ற கணக்கு அன்றைய பெட்ரோலுக்குச் சரியாக இருந்தது. இப்போது நல்ல எஞ்சின் தட்டவே தட்டாது, தேவைக்கு மேல் ஏற்றிக்கொண்டே போவோம். பவர் கூடாது, சூடும் பேரிங் சுமையும்தான் கூடும். அதனால் வேக்கம் இல்லாமல் மொத்தம் 32, 33 டிகிரியில் நிறுத்துங்கள் என்கிறேன், காது என்ன சொன்னாலும்.

இந்த வண்டியில் கேம் தருவது 30. அப்படியென்றால் ஸ்டாட்டிக், அதாவது எஞ்சின் நிற்கும்போது வைக்கிற டைமிங், 3. ஐடிலிங் எண்ணை விட மொத்த எண் முக்கியம்.

மேட்டுப்பாளையம்_மார்க்4
சரியான ஸ்பிரிங் ஜோடி கிடைச்சுது, எர்த் வயரும் மாத்தியாச்சு. ஆனா டெல்கோவை எடுக்கும்போது அடியில இருந்த டிரைவ் கியரையும் உருவிட்டாங்க. இப்போ திரும்ப மாட்டினா வேக்கம் யூனிட் பிளாக்கில இடிக்குது, பாடியைத் திருப்ப இடமே இல்லை.

புல்லி_நாட்ச்
கியர் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கு. முதல் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் டாப்ல வெச்சுக்கங்க. 5/16 யூஎன்எஃப் போல்ட், மூணரை அங்குலம் நீளம், கியர் தலையில இருக்கிற மரையில ரெண்டு திருகு போட்டுக் கைப்பிடியா வெச்சுக்கங்க. ஸ்லாட்டுக்கு ரெண்டு பக்கமும் சமமா இருக்காது, ஒரு பக்கம் பெரிய அரை வட்டம். அந்தப் பெரிய பக்கம் மேல, ஸ்லாட் படுக்கைக்குக் கொஞ்சம் சாய்வா இருக்கும்படி பிடிச்சு இறக்குங்க. கியர் பல் கேம்ஷாஃப்டைப் பிடிக்கும்போது தானா கடிகாரத்துக்கு எதிரா சுத்தி, ஸ்லாட் கடிகாரத்துல ஒரு மணி முள் நிக்கற இடத்துக்கு வந்து நிக்கும். அங்க வந்தா சரி. வராட்டி உருவித் திரும்பப் போடுங்க. போல்ட்டை எடுக்க மறந்துடாதீங்க.

டெல்கோ நாக்கும் ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும், அதனால 180 டிகிரி தப்பா மாட்ட முடியாதுன்னு சொல்வாங்க. டெல்கோவை மாட்ட முடியாது, உண்மை. ஆனா கியரையே 180 தப்பா போட்டா எல்லாமே தப்பா போகும். ஸ்டார்ட் பண்ணா கார்புரேட்டர்ல பட்டுனு அடிக்கும்.

அப்படியே செயினையும் பார்த்துடுங்க. ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டி, ரோட்டார் நகர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி புல்லி எவ்வளவு நகருதுன்னு பாருங்க. பத்து டிகிரி பக்கம் போனா செயின் மாத்துற நேரம். செயின் தளர்ந்தா கேமும் டெல்கோவும் சேர்ந்தே பின்தங்கும். டெல்கோவை மட்டும் திருப்பி அதைச் சரிக்கட்ட முடியாது, வால்வு டைமிங் பழையபடியேதான் இருக்கும்.

மேட்டுப்பாளையம்_மார்க்4
கியர் ஒரு மணியில உட்கார்ந்துடுச்சு. ஸ்டாட்டிக் 3. இப்போ 600-ல 3, 1000-ல 6, 1500-ல 13, 2000-ல 19, 3000-ல 28, 3800-ல 33. மார்க் துள்ளலை. சூட்டுல உதைக்கறது நின்னுபோச்சு, முள் நடுவுலேயே நிக்குது. டாப் கியர்ல 35 கிலோமீட்டர் வேகத்துல ஃபுல்லா மிதிச்சா மட்டும் சன்னமா ஒரு நாலஞ்சு தட்டு.

பாயிண்ட்கேப்
வளைவு அருமையாக வந்திருக்கிறது. அந்தத் தட்டுக்கு வெர்னியரை ஆர் எழுத்துப் பக்கம், அதாவது இறக்கும் பக்கம், 22 கிளிக் திருப்புங்கள். பதினொரு கிளிக்குக்கு ஒரு டிகிரி, ஸ்கேலில் ஒரு கோட்டுக்கு 5 டிகிரி. திருப்பியும் அதே தட்டு வந்தால் டைமிங்கை விட்டுவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கேப் 0.64 மி.மீ. இருக்கட்டும். பீங்கான் வெள்ளையாக இருந்தால் மிக்ஸர் லீன், எஸ்யூவின் அடியில் ஜெட் நட்டை ஒரு முகம் கீழே இறக்கிப் பாருங்கள். இ20 போட்டால் இது கூடுதலாகவே தேவைப்படும்.

காரைக்குடி_ஸ்பேனர்
கிளாம்ப் போல்ட்டை ரொம்ப முறுக்காதீங்க தம்பி, தட்டு வளைஞ்சா பாடியைப் பிடிக்காது, குழியில விழுந்தா டைமிங் நகரும். டெல்கோவை ரெண்டு கையால திருப்பிப் பாருங்க, அசையாம இருந்தா அந்த இறுக்கம் போதும்.